குடைக்காரர் விழுந்தால் கேட்கும் குரல்

அன்புத் தங்கைக்கு,

அக்கா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நம் பெண் நலம், உன் அத்தானும் நலம். அவர் காது மட்டும் வழக்கம்போல வேலை செய்யவில்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். "கேம் பண்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று போன வருஷம் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு உன் வீட்டுக்காரர் கேட்டாரே, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அதற்காகவே எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன்.

நம் பெண்ணும் அவளுடைய கூட்டாளிகளும் சேர்ந்து செய்த கேம் போன மாதம் வெளிவந்து சக்கைப்போடு போடுகிறது. அதில் ஒரு குடை ரிப்பேர்காரர். திரையில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பார். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, கடைக் கூரை என்று தாவித் தாவிப் போக வேண்டும். குடையை விரித்தால் கொஞ்ச தூரம் மிதப்பார், கால் தவறினால் பள்ளம். மற்ற கேம்களில் விழுந்தால் ‘தொப்’பென்று ஏதோ சத்தம் வருமாம். இதில் ஒரு பெண் குரல், "சொன்னேன்ல!" என்று அதட்டிவிட்டு, முடிவில் ஒரு பெருமூச்சு விடும். அது யார் குரல் தெரியுமா? சாட்சாத் உன் அக்கா குரல்!

முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடியே, இது என் குரல்டி! எனக்குத் தெரியாம எப்போ எடுத்தே?" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா ஜன்னலைப் பார்த்தார். "நல்லாருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள். நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். இவர் பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று அந்த ஆடுகிற ஸ்டூலில் ஏறி, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ஸ்டூலோடு சாய்ந்தாரே, அன்றைக்கு எடுத்திருக்க வேண்டும். இவரிடம் நான் சொல்வது ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற கதைகூட இல்லை, முதல் காதிலேயே நுழையாது. துணிக்கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் வருகிறவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் காதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். இதைச் சொல்லி அந்தக் காலத்தில் உனக்குத்தான் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன்!

முதல் வாரம் ரசிகர்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "காசு கொடுத்து வாங்கின கேம்லயுமா திட்டு வாங்கணும்?" என்று ஒருவர். "இந்தம்மா வாயை மூட ஏதாவது பட்டன் இருக்கா?" என்று இன்னொருவர். அதற்குக் கீழே ஒருவர், "எங்கப்பாவும் ரொம்ப வருஷமா அந்தப் பட்டனைத்தான் தேடிட்டிருக்கார்" என்று எழுத, அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்பு. ஆனால் இரண்டாவது வாரம் காற்று திரும்பிவிட்டது. ஒரு லாரி டிரைவர் அதை அலாரமாக வைத்திருக்கிறாராம். விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண், "வீட்டு ஞாபகம் வந்தா வேணும்னே பள்ளத்துல குதிக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அழுதேன், ஒளிப்பானேன். அது என் குரல் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, நான் டோக்கன் கூப்பிடுகிற கிளினிக்குக்கு ஒரு ஆள் வந்து, முறையாக டோக்கன் வாங்கி, முறையாக உட்கார்ந்திருந்தார். "உடம்புக்கு என்ன?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல டாக்டர், அந்தம்மா என்னைக் கூப்பிடறதைக் கேட்கணும்னு வந்தேன்" என்றாராம். டாக்டர் அவரை விரட்டிவிட்டார். விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றாவது லெவலில் அந்தத் தண்ணீர்த் தொட்டியை எப்படித் தாண்டுவது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

இப்படி நான் தலைகால் புரியாமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் ரசிகர்கள் கூடுகிறார்கள், என்னையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நம் பெண் சொன்னாள். சொல்லும்போதே, "நீங்க வரணும்னு கட்டாயம் இல்லம்மா" என்று இழுத்தாள். விடுவேனா? சின்ன அரங்கு, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள், பாதிப் பேர் கையில் குடை. மைக்கைக் கொடுத்ததும் எனக்குக் கிளினிக் ஞாபகம் வந்து தொலைத்தது. டோக்கன் நம்பர் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக "சொன்-னேன்-ல" என்றேன். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "அம்மா, கேம்ல வர்ற மாதிரி சொல்லுங்க" என்றார் முன்வரிசைக்காரர். "கேம்ல வர்றதே நான்தாங்க!" என்றேன். மறுபடி சொன்னேன். "பெருமூச்சு வரலையே" என்றார்கள். பெருமூச்சு விட்டேன், மைக் கீச்சென்று கத்தியது. கடைசி வரிசையில் உன் அத்தான் இருமோ இருமென்று இருமி, யாரோ தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. பொறாமைதான், வேறென்ன?

அன்றோடு வந்தது வினை. "அந்தம்மா டூப்பு", "யாரையோ மேடையேத்தி நம்மளை ஏமாத்திட்டாங்க", "அந்தக் குரலைத் தூக்கிட்டுச் சாதாரண சத்தம் போடுங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. கூட்டாளிகள் பயந்துபோய், குரல் இருக்கட்டுமா வேண்டாமா என்று ரசிகர்களையே ஓட்டுப் போடச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம். தோற்றால் அடுத்த அப்டேட்டில் உன் அக்கா போய் ‘தொப்’ வந்துவிடும். என் குரலை நானே திருடிவிட்டேன் என்கிறார்கள், இந்த அநியாயம் எங்காவது உண்டா?

இதில் எனக்கு வீம்பு மட்டும் என்று நினைக்காதே. கடைசி லெவலில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாராலும் தாண்ட முடியாது, விழுந்தே ஆக வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். குடை ஒடிந்து அவர் விழுவார். அங்கே மட்டும் குரல் வராது. கொஞ்ச நேரம் இருட்டு. அப்புறம் மேலேயிருந்து கயிற்றில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இறங்கும். சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடுவார். நான் நம் பெண்ணிடம் சண்டை போட்டேன். "முக்கியமான இடத்துல என் குரலைப் போட மறந்துட்டியே! கயித்தை மட்டும் விட்டாலாவது ஏறி வருவார், தட்டை எதுக்கு இறக்கறே?" என்றேன். பிறகு ஒரு நர்ஸ் எழுதியிருந்ததைப் படித்தேன். "எல்லாத்துக்கும் திட்டற அந்தம்மா அங்க ஒண்ணுமே சொல்லலை. என்னால தாங்க முடியலை. கேமை நிறுத்திட்டு எங்கம்மாவுக்கு போன் பண்ணேன்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுடைய முதல் கேம் ஒருவரும் சீந்தாமல் படுத்துவிட்ட அன்று, சமையலறை வாசலில் வந்து நின்றாள். பேங்க் வேலையை விடாதே விடாதே என்று தலையால் அடித்துக்கொண்டவள் நான். "சொன்னேன்ல" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். தட்டை எடுத்து வைத்துச் சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான். அதை அவள் கவனித்தாள் என்றே எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாப் பள்ளத்திலும் அந்தக் குரல் வந்தால்தானே கடைசிப் பள்ளத்தில் அது வராதது புரியும்? ‘தொப்’பென்று போட்டுவிட்டால் அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம்?

அதனால் நீயும் ஓட்டுப் போடு, உன் வீட்டுக்காரர் போனை வாங்கி அதிலும் போடு. உன் மாடி வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்ததில்லை என்றால் என்ன, அவர்களையும் போடச் சொல். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும், கேமை வேலையா என்று கேட்டவருக்கு என் விசேஷ விசாரிப்பையும் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
டூப்பு அல்லாத அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் நம் பெண் அப்பாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓட்டில் ஜெயித்தால் புது வசனங்கள் சேர்க்க வேண்டுமாம். அப்பா எதற்கு, மைக்கைப் பிடிக்கவா என்று நினைத்துக்கொண்டு டீயோடு போனேன். உள்ளேயிருந்து என் குரல் கேட்கிறது! "குடையை மடக்கி வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சொன்னேன்ல!" அதே அதட்டல், அதே பெருமூச்சு. நான் டீயோடு கதவுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே திட்டுவது யார்? திறந்தால், மைக் முன்னால் உன் அத்தான்! என்னைப் பார்த்ததும் மனுஷன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "கேமுக்காக உங்களை மாதிரி திட்டிக் காட்டச் சொல்லி அப்பாவை ஒரே ஒரு தடவைதான்மா கேட்டேன். யோசிக்கவே இல்லை, அப்படியே சொன்னார். நீங்களாத்தான் உங்க குரல்னு சொன்னீங்க, அதைக் கெடுக்க எங்களுக்கு மனசு வரலை" என்றாள் அவள். "இதெல்லாம் எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்று இவரைக் கேட்டேன். "தினமும் சொல்றியே" என்றார். நான் எங்கே மூச்சு வாங்குவேன், எந்த எழுத்தில் அழுத்துவேன் என்பது வரை வைத்திருக்கிறார். இவர் காதில் ஒன்றும் ஏறுவதில்லை என்று உனக்கு எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. உன் வீட்டுக்காரரிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு. ஓட்டுப் போட மறக்காதே. குரல் யாருடையதாக இருந்தால் என்ன, சொன்னது நான்தானே!