களை யார் எடுப்பது?

"மாடு தின்னுமா?" என்று கேட்டார் வரப்பில் உட்கார்ந்திருந்தவர்.

கள அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். மின் ஆலையில் எரிப்பதற்கான புல்லைப் பயிரிட, இந்த நிலத்துக்கு இன்றைக்குள் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் நாளை முதல் சாம்பல் அள்ளும் பிரிவுக்குப் போ என்று மேலாளர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் இவருக்கு ஒட்டுப்புல் என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டார்.

"தின்னாதுங்க. பக்கத்து மாடு மேயும்ங்கற பயமே வேண்டாம்."

"அப்ப ஆலைய மூடிட்டா மாட்டுக்குக்கூடப் போட முடியாது."

"இளசா இருந்தா தின்னும்ங்க."

"அப்ப பக்கத்து மாடு மேயுமே."

"வேலி கம்பெனியே போட்டுக் கொடுக்கும்" என்றார் ஒட்டுப்புல். மேலாளர் கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

"பத்து வருஷம் நிக்கற பயிரு. நடுவுல மனசு மாறிட்டா?"

"வேரோட பிடுங்கிக் கொடுத்துடறோம்."

தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் போய் வேலையப் பாருங்க. முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்" என்றார் ஒட்டுப்புல்.

அந்த அம்மா குழாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

"களை யார் எடுக்கறது?" என்றார் வரப்புக்காரர்.

"அதுவும் நாங்கதான்."

"வாயால யாரும் சொல்லலாம். எடுத்துக் காட்டுங்க." பக்கத்தில் கிடந்த களைக்கொத்தை எடுத்து நீட்டினார்.

ஒட்டுப்புல் ஷூவைக் கழற்றினார். முதல் பாத்தியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்ததில் கை கொப்பளித்தது.

"அந்த ஓரத்துல விட்டுட்டீங்க" என்று வரப்பிலிருந்து குரல் வந்தது.

சாம்பலை நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்தையும் ஒரு களை விடாமல் கொத்தி முடித்தார். சேற்றுக் கையோடு ஒப்பந்தத்தை நீட்டினார்.

வரப்புக்காரர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் பையிலிருந்து வேறொரு ஒப்பந்தத்தை உருவிக்கொண்டு எழுந்து, "அம்மா, களை சுத்தமா முடிஞ்சதுங்க" என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மா குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராக ஒட்டுப்புல்லிடம் வந்தார்.

"நிலம் என்னுது தம்பி. அவரு இன்னொரு ஆலைக்காரரு, களை எடுத்தாத்தான் கையெழுத்துன்னு காலையிலேயே கொத்தைக் கையில கொடுத்தேன். எடுத்தது நீங்க, பேனாவைக் கொடுங்க, வேலி எப்பப் போடறீங்க?"