ஒருமுறை சோதித்த தண்ணீர்

மனிதர்களில் 'பார்த்தாச்சு' இனம் என்று ஒன்று உண்டு. ஒரு விஷயத்தை ஒரே ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, அன்றோடு உலகம் அசையாமல் நின்றுவிட்டது என்று நம்புகிறவர்கள். பார்வை பிரமாதம் என்று இருபது வருஷத்துக்கு முன்பு டாக்டர் சொன்னதை நம்பி, இன்றைக்கும் கண்ணாடி போடாமல் பேருந்துப் பலகையைத் தப்பாகப் படித்து, தப்பான இடத்தில் இறங்கி, பலகை எழுதியவனைத் திட்டுகிறவர்கள். உங்களுக்கு நாலைந்து பேரைத் தெரிந்திருக்கும். எனக்கு ஒருவரே போதும். அவர் என் மனைவியின் அண்ணன்.

மைத்துனர் நாற்றுப்பண்ணை நடத்துகிறார். மண்ணே கிடையாது, எல்லாம் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை தொங்குகிறது. ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. 'பாசனத்துக்கு ஏற்றது' என்ற கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அறிக்கை வந்த மூன்றாம் வருஷம் ஆழ்துளைக் கிணறு வற்றி, இன்னும் இருநூறு அடி கீழே துளை போட்டார்கள். அதனால் என்ன? "அதே கிணறுதானே மாப்ள" என்பார்.

என் மனைவி பன்னிரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் அடுத்தவர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, அண்ணன் பண்ணையின் ஓரக் கொட்டகையில் முந்நூறு பைகளில் தக்காளி வைத்தாள். தனக்கென்று அவள் செய்த முதல் காரியம். முதல் மாதம் செடிகள் சொன்னபடி கேட்டன. இரண்டாம் மாதம் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பழைய இலைகளின் ஓரம் கருகிச் சுருண்டது. சொட்டுக் குழாயின் வாயில் வெள்ளையாக ஏதோ படிந்தது.

மைத்துனர் வந்து பார்த்தார். விதை மட்டம் என்றார், விதையை மாற்றினாள். நார்த்தூள் மட்டம் என்றார், அதையும் மாற்றினாள். உரம் பத்தாது என்றார். அள்ளிப் போட்டாள், இன்னும் வேகமாகக் கருகியது. வெயிலில் குற்றம் கண்டார். காற்றில் குற்றம் கண்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் முகத்தில்கூடக் கண்டார்.

"தண்ணியா இருக்குமோ அண்ணா?"

"தண்ணிய மட்டும் சொல்லாத. அதான் டெஸ்ட் பண்ணியாச்சே! எனக்கு வராதது உனக்கு மட்டும் எப்படி வரும்? உன் கை சரியில்லம்மா."

அவருக்கு எப்படி வரும்? அவருடைய நாற்றுகள் இருபத்தைந்தாம் நாளே வண்டி ஏறிவிடும். நோயைக் காட்ட அவற்றுக்கு நேரமில்லை.

அவள் கொட்டகைச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பத்து நாள் பண்ணைப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் மழை பெய்தது. எழுந்து போய் மாடியில் வாளிகளை வைத்தாள்.

இரண்டே பை. அதே விதை, அதே நார்த்தூள், அதே உரம். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், மற்றதற்கு அண்ணனின் கிணற்றிலிருந்து நான் கேனில் கொண்டுவந்த தண்ணீர். ஏழு வாரம் கழித்து இரண்டையும் தூக்கிப்போய் அவர் மேஜைமேல் வைத்தாள். ஒன்று பூத்திருந்தது. மற்றது மஞ்சள் காமாலைக்காரரைப் போல நின்றது.

"இதுல வெயில் பட்டிருக்காது."

"ரெண்டும் ஒரே ஜன்னல்லதான் அண்ணா இருந்துச்சு."

"உரம்?"

"ஒரே ஸ்பூன்."

மைத்துனர் யோசித்தார். "சில செடி பிறவியிலேயே அப்படி" என்றார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கெட்டிலை மேஜையில் வைத்தார். "ஆறு வருஷமா இதோட அடியில வெள்ளை வெள்ளையாச் சுரண்டிட்டு இருக்கேன். என் கையும் சரியில்லையா?"

மறுநாள் ஒரு பாட்டில் தண்ணீர் பரிசோதனைக்குப் போனது. உப்பு இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு, சுண்ணாம்பும் அதிகம் என்று ஆய்வகத்து அம்மா மைத்துனரிடம் ஃபோனில் சொன்னார். "மண்ணா இருந்தா கொஞ்ச நாள் தாங்கும். நார்த்தூள் தாங்காது சார். நீங்க ஊத்தற உப்பெல்லாம் வேர்கிட்டயேதான் நிக்கும். மழைத்தண்ணியக் கலந்து, பைக்கு அடியில வழியற வரைக்கும் விடுங்க."

அவள் இல்லாத நாட்களில் கொட்டகைக்குத் தண்ணீர் விட்டுவந்த பண்ணை ஆட்கள் அப்படியே செய்தார்கள். முந்நூறில் நூற்றிருபது செடிகள் பிழைத்தன.

இந்த இனத்துக்கு மன்னிப்புக் கேட்க வராது. மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார், மேகமூட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கிளம்பும்போது சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். "மழைத்தண்ணித் தொட்டி கட்ட ஆளுங்க வர்றாங்க. எங்க கட்டணும்னு நீதான் வந்து சொல்லணும்."

"வர்றேன். ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் தண்ணிய டெஸ்ட் பண்ணணும்."

"எதுக்கு? அதான் பண்ணியாச்சே!"

அவள் பார்த்தாள்.

"சரி, பண்ணலாம்" என்றார்.

அவர் போனதும் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு டீ போட்டு, அவளுக்குப் பிடிக்குமே என்று மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"நான் சர்க்கரைய விட்டு நாலு வருஷம் ஆச்சுங்க."

நீங்கள் இந்த இனம் இல்லை. அது உங்களுக்கு நன்றாகவே தெரியும். நல்லது. எந்த வருஷத்திலிருந்து தெரியும்?