வலையோரத்தில் மாத்திரை

"யோவ் மாத்திரை! வலைகிட்ட நில்லுன்னா, கல்யாண வீட்டு வாசல்ல வரவேற்க நிக்கற மாதிரி நிக்கறியே!" என்று கத்தினார் பல் டாக்டர்.

மருந்துக்கடைக்காரருக்கு ஆட்டக் கூட்டாளிகள் மூவரும் வைத்த பெயர் மாத்திரை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, கண்ணாடிச் சுவர் அடைத்த கோர்ட்டில், டென்னிஸுக்குத் தம்பி மாதிரியான பேடலில் இரட்டையர் ஆட்டம். அவரும் பல் டாக்டரும் ஒரு ஜோடி. வக்கீலும் இன்ஜினியரும் எதிர் ஜோடி. இருபது வருடம் கடையில் கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழகிய கை, வலையோரத்திலும் பந்தை எதிராளிக்கு வசதியான இடத்தில் பவ்யமாக வைத்தது.

"இந்த லட்சணத்துல ஆடினா உன்னைக் கழட்டி விட்டுடுவோம், பார்த்துக்கோ" என்றார் வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் பகீரென்றது. வீட்டில் மனைவியும் மகளும் "வந்தாச்சா", "சாப்பாடு மேசைமேல இருக்கு" என்ற இரண்டே வாக்கியங்களில் அவரை முடித்துவிடுவார்கள். வாரத்தில் அவரை ஒரு பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

அடுத்த வாரம் வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வக்கீல் பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டார். பின்னால் ஓடி ஓடி எடுத்த பல் டாக்டர், ஏழாவது பந்தில் கண்ணாடியில் போய் மோதினார்.

"பல்லு ஆடுதுய்யா! நான் இப்ப எந்த டாக்டர்கிட்ட போவேன்?"

அதற்கடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் ஓங்கி அடித்துப் பார்த்தார். பேடலில் தரையில் குத்திக் கண்ணாடியில் பட்டு வரும் பந்தையும் அடிக்கலாம். அவர் அடித்ததெல்லாம் அப்படித் திரும்பி, இன்ஜினியர் கைக்குத் தோதாக வந்து நின்றது.

"பார்சல் வந்துடுச்சுப்பா!" என்று குதித்தார் இன்ஜினியர். டீ குடிக்கும்போதும் முக்கால் மணி நேரம் இதே பேச்சு.

வேறு வழியில்லாமல் புதன்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கோச்சிடம் போனார்.

"ரெண்டு எட்டு பின்னால நில்லுங்க சார். ராக்கெட் நெஞ்சுக்கு முன்னால இருக்கட்டும். ஓங்காதீங்க, கதவைத் தள்ற மாதிரி லேசா மூலைக்குத் தள்ளுங்க. பந்து தலைக்கு மேல போனா, பார்ட்னரோட சேர்ந்து நீங்களும் பின்னால போங்க."

இரண்டு மாதம் தள்ளினார். கடையில் இருமல் மருந்து பாட்டிலைக்கூட அப்படித்தான் தள்ளினார்.

ஒரு ஞாயிறு பலன் கிடைத்தது. ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம். வெற்றி!

"எப்படி நம்ம ஆட்டம்?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

வக்கீல் அவரைப் பார்க்காமல் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"மூலைக்கு வந்ததை ஏன்யா விட்ட?"

"உன் பக்கம் வந்ததை நான் எதுக்கு எடுக்கணும்?"

பல் டாக்டர் ஷூ கயிற்றை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். டீ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பல் டாக்டருக்கு முழங்கால் வலி. மருந்துக்கடைக்காரர் தன் கடையிலிருந்து உசத்தியான தைலமாகப் பார்த்து அனுப்பிவைத்தார். அதற்கடுத்த ஞாயிறு வக்கீல் வெளியூர். இன்ஜினியர் போனையே எடுக்கவில்லை.

'இன்னும் நம்ம ஆட்டம் போதலை போலிருக்கு' என்று மருந்துக்கடைக்காரர் மனம் நொந்து போனார். வெட்கமாகவும் இருந்தது. வாரத்துக்கு இன்னும் இரண்டு வகுப்பு சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை பெயர் கொடுக்கப் போனபோது, கோர்ட் பதிவு செய்யும் அம்மாள் நோட்டிலிருந்து நிமிர்ந்து அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்க ஃபிரெண்ட்ஸ் இப்பல்லாம் வெள்ளிக்கிழமை ஆடறாங்களே சார், சொல்லலையா? புதுசா ஒரு போஸ்ட்மாஸ்டரைச் சேர்த்திருக்காங்க. பாவம், அவருக்கு ராக்கெட்டைப் பிடிக்கவே தெரியலை, மூணு பேரும் எவ்வளவு சந்தோஷமா திட்டறாங்க தெரியுமா!"