பதினொரு வீட்டுக்குப் பங்கு போட்ட பவளப்பாறை

சிவமயம்

காஞ்சிபுரம்,
18-8-1971

சிரஞ்சீவி தம்பி சபாபதிக்கு அக்கா கிருஷ்ணவேணி ஆசீர்வதித்து எழுதுவது. ஏகாம்பரநாதர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் வேலையும் சுகமாக இருக்கவேண்டுமே என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குத்தான் இறங்கியது.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் ராமேசுவரம் வந்தபோது மண்டபத்தில் உன் மீன்துறை ஆபீஸ் படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டினாயே, அந்த இடத்தில் புதிதாக ஒடிந்திருக்கிறதென்றும், எடுத்தவர் ஒப்புக்கொண்டு திருப்பினால் மன்னிப்பு, இல்லாவிட்டால் இனி யாத்திரிகர் யாரையும் ஏற்றக்கூடாது, உனக்கும் வேலை இல்லை என்று அதிகாரி சொன்னாரென்றும் எழுதியிருந்தாய்.

தம்பி, ஒடித்தது நான்தான். "பாருங்க, தொடாதீங்க" என்று நீ நாலு தடவை சொன்னது காதில் விழுந்தது. ஆனால் படகை விட்டு இறங்கி நின்ற முழங்கால் தண்ணீரில் கிளைகிளையாகப் பூத்து நின்றதைப் பார்த்ததும், சேதுவிலிருந்து வெறுங்கையோடு போவதா என்று கை தானாகப் போய்விட்டது. ஈரப்புடவைக்குள் சுருட்டிவிட்டேன். ரயிலில் நாற்றம் எடுத்தது. எதிரே கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளை விழுப்புரம் வரைக்கும் முறைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பாவம் தனி. ஊர் வந்ததும், யாத்திரை போனவர் தெருவுக்குப் பிரசாதம் கொடுக்கிற வழக்கப்படி, தீர்த்தத்தோடு அதையும் பதினொரு துண்டாக்கி, யார் யாருக்கென்று நோட்டில் எழுதி, வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் பூஜையில் வைத்துப் பால் ஊற்றினார்கள். நாலாம் நாள் தெருவே நாறியது. எலி செத்திருக்குமென்று பக்கத்து வீட்டுப் பரசுராமன் தறிக்குழியைக் கிளறினார். நாற்றம் பட்டில் ஏறினால் முகூர்த்தப் புடவையை யார் தொடுவார் என்று உன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உன் கடிதம். அது கல்லே இல்லை, உயிர், ஒடித்தால் செத்துப்போகும் என்று. செத்ததற்கா பாலபிஷேகம் செய்தோம்! சுவாமி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேட்பதா? வேறு வழியில்லாமல் நோட்டை எடுத்துக்கினு புறப்பட்டேன். ஒருத்தரும் கோவிச்சுக்கல தம்பி! "எடுத்துக்கினு போம்மா, புண்ணியமாப் போவும்! சாமி குத்தமாயிடுமேன்னு மூக்கைப் பொத்திக்கினு இல்ல கும்பிட்டுக்கினு இருந்தோம்" என்றாள் எதிர்வீட்டுப் பெரியநாயகி. பரசுராமன் மட்டும், "நாலு நாளா எலியைத் திட்டினேன். உன்னையில்ல திட்டியிருக்கணும்" என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, ஒப்புதல் கடிதமும் வைத்து, மண்டபத்துக்கு லாரி ஓட்டிப் போகும் அந்தோணியிடம் கொடுக்கிறேன். என்னால் யாத்திரிகர் படகு நின்றுபோகக் கூடாது. வர்றவங்க வரட்டும், பாக்கட்டும். கருவறையில எட்டி நின்னுதானே கும்பிடுறோம்? யாராச்சும் சாமி விரலை ஒடிச்சுக்கினு வராங்களா? ஏறும்போதே இப்படிச் சொல்லு, என்னைப் போன்றவர்களுக்கும் புரியும். இப்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது. அப்பா பேரைக் காப்பாற்றும் யோக்கியமான தம்பியாக நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி

பி.கு. டப்பாவை மூடுமுன் எண்ணினேன். கொடுத்தது பதினொன்று, வந்தது பன்னிரண்டு. தெருக்கோடி ஜெயம்மாள் வீட்டிலிருந்து கூடுதலாக ஒன்று, வெளுத்துக் காய்ந்து, நாற்றமே இல்லாமல். கேட்டதற்கு, "போன வருசம் கருட சேவைக்கு வந்தப்போ உன் தம்பி குடுத்தாரும்மா. அக்காகிட்ட சொல்லாதீங்கன்னாரு" என்றாள். அதையும் டப்பாவிலேயே போட்டிருக்கிறேன். ஒப்புதல் கடிதத்தில் பதினொன்று என்று எழுதியாகிவிட்டது. எழுதியதை அடித்துத் திருத்துவது எனக்கு வழக்கமில்லை. பாக்கி ஒன்றுக்கு நீயே ஒரு கடிதம் எழுதி வைத்துவிடு.