உசாந்தினி ஓடினால் ஊரும் ஓடுகிறது

பாண்டிருப்பு,
14.07.2009

மதிப்பிற்குரிய மச்சான் கதிர்காமன் அவர்களுக்கு,

கட்டார் வெயிலில் தாங்கள் வாடாமல் இருக்க அம்மன் காவல் நிற்கட்டும். இங்கு நானும் உங்கள் தங்கை செல்லத்தங்கமும் மருமகள் உசாந்தினியும், என் முழங்காலை விட்டுப் பார்த்தால், நலம். போனில் கதைக்கலாம்தான், பாதியில் உங்கள் தங்கை பறித்துவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் விளையாடுவதால் வரும் நன்மைகளைப் பற்றிப் போன மாதம் நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். உடல் உறுதி, நேர ஒழுங்கு, தலைமைத்துவம், இன்னும் என்னென்னவோ. தாய்மாமன் சொல்லைத் தட்டக்கூடாது என்று நானும் பிள்ளையை ஓட விட்டேன். நேர ஒழுங்கு உடனே வந்தது. அவள் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறாள், அவளுக்குத் தேநீர் ஊற்ற நாங்கள் நாலரைக்கு எழும்புகிறோம். இது யாருடைய ஒழுங்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மணலில் ஓடினால் கால் உரப்படும் என்று பள்ளிக்கூடத்து விளையாட்டு சேர் வேறு சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை காலையில் அவள் கடற்கரையில் தொடங்கி, எங்கள் ஒழுங்கை வழியாகப் பெரிய வீதிக்குத் தலைதெறிக்க ஓடியிருக்கிறாள். மச்சான், நீங்கள் ஊரை விட்டுப் போய்க் கனகாலம். முப்பது வருடமாக இந்த ஊரில் யாரும் காரணமில்லாமல் ஓடியதில்லை. சண்டை முடிந்து இரண்டு மாதம்தான், கடல் வந்து போய் ஐந்து வருடம்கூட ஆகவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்தால் சனம் என்ன நினைக்கும்? முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி, "கடல் வருகுது, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு விளக்குமாற்றோடு ஓடினார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த ஒழுங்கை. மருதமுனையிலிருந்து பேக்கரிப் பாண் விற்க வரும் றஸாக் காக்கா, சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாண் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். சைக்கிளிலேயே போயிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "அந்த நேரம் அது ஆருக்கு நினைவு வரும் தம்பி?" என்றார். உங்கள் தங்கை டீவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். என்னைக் கூப்பிடவில்லை. அதையும் ஒருக்கால் கேளுங்கள். ஊரே உசாந்தினிக்குப் பின்னால் ஓடியது. தலைமைத்துவம் என்று நீங்கள் எழுதியது இதைத்தானா?

நான் மட்டும் ஓடவில்லை. அன்றைக்குச் சுனாமியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி உடைத்துக்கொண்ட முழங்கால் என்னை விட்டால்தானே. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனமெல்லாம் மேற்கே போக, ஒரே ஒருத்தி கிழக்கே, கடல் பக்கமாக, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். உசாந்தினி! பெரிய வீதியில் நின்று திரும்பிப் பார்த்தவள், தன்னால்தான் ஊர் ஓடுகிறது என்று தெரியாமல், கடல்தான் வருகிறது என்று தானும் நம்பிவிட்டாள்.

"அப்பா, ஏறுங்க!" என்று என் முன்னால் குனிந்தாள்.

"எங்க மகள் ஏற?"

"முதுகிலதான். கதைக்காம ஏறுங்க!"

நான் தொண்ணூறு கிலோ, மச்சான். ஏறினேன். ஏழு அடி போனாள். பிறகு இருவரும் சின்னத்தங்கம் மாமியின் பூசணிக் கொடியில் கிடந்தோம். அழுதேன். முழங்கால் நோகிறது என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் ஊர்க் கூட்டம். இனி அவள் ஓடுவதென்றால் கடலை நோக்கித்தான் ஓடலாம் என்று தீர்மானம். அதற்கு மறுநாள் விளையாட்டு சேர் வந்து நிற்கிறார், திருகோணமலையில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் படிவத்தோடு. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்து வைக்கவேண்டுமாம். எனக்குத் தலை சுற்றுகிறது. ஊர் சொல்வதை விடுங்கள். கடல் வருகிறது என்று நினைத்தும் கடல் பக்கம் ஓடிவருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி நித்திரை கொள்வது? இது உங்கள் நாலு பக்கத்தில் எந்த நன்மையில் சேரும்? ஆகவே, ஓட்டத்தை விட்டுப் புத்தகத்தைப் பிடி என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் சொல்லைத்தான் கேட்பாள்.

அங்குள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும் சேரட்டும்.

தங்கள் மச்சான்,
நல்லரெத்தினம்

பி.கு: மேலே எழுதியதை வாசிக்கவேண்டாம். உறையை ஒட்டமுன் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். அவளுக்கு ஓடும் சப்பாத்து ஒரு சோடி அனுப்புங்கள். போட்டியிலும் பாதியில் கிறுகித் திரும்பி வந்துவிடாதே என்று அவளிடம் சொன்னேன். "நீங்க முடிவுக் கோட்டுல நில்லுங்கப்பா, நேர அங்கதான் வருவன்" என்றாள். ஆகவே நானும் போகிறேன்.