ஏரிக்கரைக்கு வந்த அரை வீடு

வீட்ல யாராவது இருக்காங்களான்னா கேக்குறீங்க? எந்தப் பாதியில? இங்க நிக்கிறது அரை வீடுங்க. அந்தப் பக்கம் தட்டாதீங்க, அது சுவரில்லை, பிளாஸ்டிக் தாள். நம்ம டெக்சாஸ்ல இந்த மாதிரி இடம் மாத்துற வீடு அகலமா இருந்தா, ரெண்டாப் பிரிச்சு ரெண்டு லாரியில ஏத்தணும்னு உங்களுக்கே தெரியும். வம்பே அங்கதான் ஆரம்பிச்சுது.

எங்க வீடு என் மாமியார் ஓப்பலோட நிலத்துல நின்னுது. நான் இருமினா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மருந்து சொல்லுவாங்க. தும்மினா, மருந்தோடயே வந்துடுவாங்க. போதும்டா சாமின்னு இங்க ஏரிக்கரையில இடம் வாங்கினேன். முதல் லாரியில சோபா, டிவி, நான். அடுப்பும் படுக்கையும் இருக்கிற பாதி மறுநாள் வரணும். என் பொண்டாட்டி நெல்டா, அம்மாவை விட்டு வர மாட்டேன்னு லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிட்டா!

அவ போனாப் போறான்னு, வீட்டுப் பதிவு நடக்குற கவுண்டி ஆபீஸுக்குப் போனேன். வீடு இடம் மாறினா பதிவுல புது விலாசம் ஏத்தணுமே. ஏத்தினாத்தான் கரண்ட்.

"மீதி வீடு எங்க சார்?"னாங்க கவுன்டர்ல இருந்த அம்மா.

"மாமியார்கிட்ட."

"அப்ப வீடு இன்னும் இடம் மாறலையே."

"வந்த பாதிக்கு மட்டும் விலாசம் போட்டுக் குடுங்கம்மா."

"ஒரு வீடு, ஒரு விலாசம். முழுசா வரட்டும். உங்க சம்சாரம் கையெழுத்தும் வேணும்."

அநியாயத்தைப் பாருங்க! வரி கட்டும்போது நான் முழு ஆளு. விலாசம் கேட்டா அரை ஆளு!

டப்பா பீன்ஸைச் சூடுகூடப் பண்ணாமத் தின்னேன். இருட்டுல டிவியைப் பாத்துக்கிட்டு உக்காந்தேன், டிவியும் என்னைப் பாத்துது. வேற வழியில்லாம போன் பண்ணினேன்.

"நெல்டா, ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா."

"போட்டுடறேன் வில்பர்ன்."

"சண்டை போட மாட்டியா?"

"எதுக்கு? வீட்டையும் அனுப்பறேன். ஏரிக்காத்து உடம்புக்கு நல்லதாமே."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

யார் உடம்புக்குன்னு கேட்டிருக்கலாம். ஜெயிச்ச சந்தோஷத்துல கேக்கலை. கையெழுத்து நேத்தே ஆபீஸுக்குப் போயிடுச்சு. இனி வீடு ஏரிக்கரையை விட்டு நகராது, நானும்தான்.

அதோ, லாரி வருது பாருங்க! என் அடுப்பு! என் படுக்கை! பின்னாடி நெல்டா கார். அதுக்கும் பின்னாடி யாருங்க அது, கோழிக்கூண்டோட?

"வில்பர்ன்! என் நிலத்தை வாடகைக்கு விட்டாச்சு! மரம் மாதிரி நிக்காத, வந்து என் கட்டிலை இறக்கு!"

"இதோ வந்துட்டேன் அத்தை."