தண்ணீர் குடிக்கும் விளக்கு

யாகப்பு மேசையில் வைத்த விளக்குக்குள் ஒரு மீன்குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது.

"ஜோர்ஜ், இதென்னெண்டு பாரும். நான் உங்களிட்டை வாங்கினது விளக்கோ, மீன்தொட்டியோ?"

ஜோர்ஜ் அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோடம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் விளக்கு. வலையின் அந்தத்தில் கட்டி மிதக்க விட்டால் மினுங்கி மினுங்கி வலை கிடக்கிற இடத்தைக் காட்டும். ஊர்காவற்றுறையில் ஜோர்ஜ் வேலை பார்க்கிற இந்தச் சின்னத் தொழிற்கூடத்தில் செய்ததுதான்.

"மீன் எந்தப் பக்கத்தாலை உள்ளுக்குப் போனது?" என்று கேட்டார். நக்கல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அறிய ஆசையாக இருந்தது.

"அதை மீனிட்டைக் கேளும்!" யாகப்பு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மண்டைதீவுக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். "ரெண்டு விளக்கு தண்ணி குடிச்சுத் தாண்டுபோச்சு. வலை எங்கை கிடக்கெண்டு ஒரு பகல் முழுக்கத் தேடினனாங்கள். இஞ்சை பாரும், ஒரு மாதம் தாறன். நானே வந்து இருவது விளக்கு எடுத்துப் பீப்பாவிலை அமத்துவன். குமிழி வந்துதெண்டால் உங்களிட்டைச் சொல்லிவைச்ச நானூறு விளக்கையும் சங்கம் வேறை இடத்திலை வாங்கும்."

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் ஜோர்ஜ் மீன்குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நானூறு விளக்கு இல்லாவிட்டால் தொழிற்கூடமே இல்லை. அங்கே வேலை செய்கிற ஆறு பெண்களும் பழையபடி விடிய முதல் பஸ் பிடித்துப் பட்டணத்துக்குத் தையல் வேலைக்கு ஓடவேண்டியதுதான்.

இருபது வருடம் படகு எஞ்சின் திருத்திய கை அவருடையது. எஞ்சினில் தண்ணீர் போனால் காரணம் தெரியும். இந்த ஒட்டுகிற மெசின்தான் அவருக்குப் பிடிபடாத பிராணி. பசை கிடையாது, நெருப்புக் கிடையாது. உருக்குக் கொம்பு ஒன்று இறங்கி மூடியை அழுத்தும். காதுக்குக் கேட்காத வேகத்தில், ஒரு நொடிக்கு இருபதாயிரம் தரம் நடுங்கும். மூடியும் அடியும் உரசுப்பட்டு உருகி ஒன்றாகிவிடும். அப்படித்தான் படிப்பித்தவர்கள் சொன்னார்கள். ஒன்றாகிய பிறகு மீன் எப்படிப் போகும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

முதலில் பத்து விளக்கை வாளித் தண்ணீரில் அமத்திப் பார்த்தார். நாலில் குமிழி வந்தது.

"அமத்தம் காணாது போலை," என்று அழுத்தத்தைக் கூட்டினார். ஆறில் குமிழி.

நேரத்தைக் கூட்டினார். ஏழில் குமிழி, மூடியின் தலையில் கொம்பு சுட்ட தழும்பும் விழுந்தது.

நடுக்கத்தைக் கூட்டினார். முன்வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் ஓடியது. மனிதருக்குக் கேட்காத அந்தச் சத்தம் அதற்குக் கேட்டிருக்கவேண்டும். விளக்கின் உள்மூலைகளில் வெடிப்பு விழுந்தது. பல்ப்பின் கம்பிக்கால் நடுங்கி முறிந்ததால் வெடிக்காததும் எரியவில்லை.

"அண்ணை, நாயாவது திரும்பி வருமோ?" என்று கேட்டாள் ஜசிந்தா.

கொழும்பிலிருந்து சாக்கில் வருகிற அடிகளும் மூடிகளும் நேரே போவது ஜசிந்தாவின் மேசைக்குத்தான். துடைத்து, பற்றரி வைத்து, மூடியைக் கவிழ்த்து, ஒட்டுவதற்கு ஆயத்தமாகத் தட்டத்தில் அடுக்கிக் கொடுப்பாள். அவள் அடுக்கிய தட்டத்தை அப்படியே அலுமாரியில் காட்சிக்கு வைக்கலாம்.

"தூசி கீசி இருக்குதோ தெரியேல்லை, ஜசிந்தா. கொஞ்சம் கவனமாத் துப்பரவாக்கித் தாரும்," என்றார் ஜோர்ஜ்.

"ஓம் அண்ணை. ஒரு தூசி தும்பு இல்லாமல் தாறன்."

அன்று பின்னேரம் பத்திலும் குமிழி வந்தது.

ஜோர்ஜ் மெசினை நிறுத்தினார். இனி மெசினைக் கேட்டுப் பயனில்லை, விளக்கைத்தான் கேட்கவேண்டும் என்று தோன்றியது. தண்ணீர் குடித்த விளக்குகளைச் சுத்தியலால் உடைத்து, பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்த்தார். மூடியும் மட்டம், அடியும் மட்டம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த மாதிரி. நடுக்கம் எந்த இடத்தில் உருக்குவது என்று தெரியாமல் எல்லா இடமும் சிதறி, அங்கொன்று இங்கொன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

ஒரு மூடியில் மட்டும் கடுகளவு இடம் கல்லுமாதிரிப் பிடித்திருந்தது. உடைத்தாலும் பிரியவில்லை. ஏன் அந்த இடம் மட்டும்? அரை நாள் அதையே உருட்டி உருட்டிப் பார்த்தார். சோற்றுக்கும் போகவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார்: அந்த இடத்தில் பிளாஸ்டிக் கூராக ஒரு முனை நீட்டியிருந்திருக்கிறது. நடுக்கம் முழுவதும் அந்த முனையில் குவிந்து, அது முதலில் உருகி, இரண்டு பக்கத்தையும் பிடித்திருக்கிறது.

"முனைதான் விசயம்!" என்று சத்தம்போட்டார். ஆறு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜசிந்தாவின் தட்டத்திலிருந்து ஒரு மூடியை எடுத்தார். சோல்டரிங் அயனைச் சூடாக்கி, பிளாஸ்டிக் துண்டொன்றை உருக்கி, மூடி விளிம்பைச் சுற்றிக் கூரான ஒரு கோடு இழுத்தார். மூன்று மணித்தியாலம் பிடித்தது. கூட்டியதையெல்லாம் குறைத்துவிட்டு, பழைய அழுத்தத்தில், பழைய நேரத்தில் ஒட்டினார். கல்லுக் கட்டி வாளியில் இறக்கினார். மூன்று நாள் கிடந்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை.

உடனே, கொழும்பில் இந்த மூடிகளுக்கு அச்சு வெட்டுகிற தில்லைநாதனுக்குப் போன் எடுத்தார். கடற்காற்றில் பாதிக் கதை பறந்தது.

"அண்ணை, மூடி விளிம்பிலை கூரா ஒரு கோடு வேணும்! சுத்திவர! வெடிக்காமல் இருக்க உள்மூலையளையும் கொஞ்சம் வளைச்சு விடுங்கோ!"

"கோடோ? பெரிசாவோ?"

"ஓம், ஓம், பெரிசாவே வையுங்கோ!"

"சரி, அச்சிலை ஆழமா வெட்டிவிடுறன்."

யாகப்பு தந்த மாதத்தின் மூன்றாம் கிழமை புதுச் சாக்கு வந்தது. ஜோர்ஜ் பிரித்த கையோடு ஒரு மூடியை எடுத்துத் தடவினார். கூரான கோடு விரலை உறுத்தியது. அங்கேயே நின்று மூன்று விளக்கைத் தானே பற்றரி வைத்துப் பூட்டி, தானே ஒட்டினார். நிலத்தில் போட்டு அடித்தார், வாளியில் அமத்தினார். அசையவில்லை. பல்ப்புகளும் சமத்தாக மினுங்கின.

"ஜசிந்தா, இனி எங்களை ஒருத்தரும் அசைக்கேலாது. மிச்சத்தைப் பூட்டித் தாரும்!"

அவள் இரண்டு நாள் தலை நிமிரவில்லை. வந்த தட்டங்களை ஜோர்ஜ் பாட்டு முணுமுணுத்தபடி ஒட்டித் தள்ளினார். நாயும் திரும்பி வந்து வாசலில் படுத்திருந்தது.

குறித்த நாளில் யாகப்பு நாலு பேரோடு வந்தார். பெட்டிகளுக்குள் கைவிட்டு இருபது விளக்கை எடுத்தார். வலைக்குள் கட்டிப் பீப்பாவில் அமத்தினார்கள்.

"ஜோர்ஜ், நீர் ஏன் சிரிக்கிறீர்?"

"பாருங்கோவன் அண்ணை."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழி வந்தது. பிறகு மூன்று. பிறகு பீப்பா சோறு கொதிக்கிற பானை மாதிரி ஆகிவிட்டது.

ஜோர்ஜ் ஓடிப்போய்த் தான் பூட்டிய மூன்றையும் கொண்டுவந்து அமத்தினார். அவற்றில் ஒன்றுமே வரவில்லை.

"உம்மடை மூண்டும் குடிக்கேல்லை, மற்றதெல்லாம் குடிக்குது," என்றார் யாகப்பு. கோபம் போய் அவருக்கும் அறிய ஆசை வந்துவிட்டது. "ஒரே சாக்கோ?"

"ஒரே சாக்கு. ஒரே மெசின். ஒரே கை," ஜோர்ஜ் தலையில் கைவைத்தபடி பீப்பா ஓரத்தில் குந்திவிட்டார்.

ஜசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளுடைய நாலு விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"கோவிக்காதேங்கோ அண்ணை, முந்தி வந்த மூடியளிலை இருந்த கோடு சின்னன், பிளேட்டாலை ஒரே இழுப்பிலை வழிச்சு எறிஞ்சுபோடுவன், இந்தமுறை வந்தது சரியான தடிப்பு, அடுத்த சாக்குக்கு எனக்கு ஒரு அரம் வாங்கித் தாங்கோ."